யாருக்கு யார் என்று கேட்காதீர்கள்: ஹனி அண்ட் குளோவர் இரண்டாம் பாகம்

கேள்வி இதுதான்: ‘ஹனி அண்ட் குளோவர்’ என்ற ஜப்பானிய அனிமே (அசைபடத்) தொடரின் முதல் பாகம் பார்த்து முடித்தாயிற்று, இரண்டாம் பாகம் அவசியமா? அதன் முடிவைப் பார்த்து ஏன் இவ்வளவு பேர் கோபப்படுகிறார்கள்? அதில் காட்டும் ஓவியக் கல்லூரி வாழ்க்கை எந்த அளவுக்கு நிஜம்?

அவசியம். முதல் பாகத்தில் போட்ட முடிச்சுகளில் முக்கியமானவை இரண்டாம் பாகத்தின் 12 பகுதிகளில்தான் அவிழ்கின்றன. கோபத்துக்கும் காரணம் உண்டு. டகெமோட்டோ, மயாமா, மொரிட்டா, யமாடா, ஹாகு என்ற ஐந்து பேரின் காதல் கதை என்று நம்பி உட்கார்ந்தவருக்கு, கடைசியில் ஒரு ஜோடிகூட அவர் நினைத்தபடி சேர்ந்திருக்காது. ஆனால் இது காதலை மேற்பூச்சாக வைத்து வேலையைப் பற்றிச் சொல்லும் கதை. ஒவ்வொருவரும் தன் கையால் என்ன செய்யப்போகிறார் என்பது முடிவான பிறகுதான் யாரோடு இருப்பது என்பது முடிவாகிறது. முதல் பாகத்தில் இது அடியோட்டமாக இருக்கும், இரண்டாம் பாகத்தில் மேலே வந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டால் முடிவு கசக்காது. கசந்தாலும் ஏன் கசக்கிறது என்று புரியும்.

முதலில் அடிப்படைத் தகவல்கள். மூலம் சிகா உமினோவின் மங்கா (ஜப்பானியச் சித்திரக்கதை), மொத்தம் 10 தொகுதிகள். 2000இல் தொடங்கி 2006 வரை, பத்திரிகைகள் நின்றுபோனதால் இடம் மாறி மாறி மூன்று இதழ்களில் வெளிவந்தது. 2003இல் கோடன்ஷா மங்கா விருது கிடைத்தது. தலைப்பு இரண்டு இசைத்தட்டுகளிலிருந்து வந்தது: ஸ்பிட்ஸ் குழுவின் ‘ஹச்சிமிட்சு’ (தேன்), சுகா ஷிகாவோவின் ‘க்ளோவர்’ (மூவிலைப் பூண்டு). அனிமேயை ஜே.சி. ஸ்டாஃப் தயாரித்தது. முதல் பாகம் 2005 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 24 பகுதிகள். ஃபுஜி தொலைக்காட்சி வியாழன் பின்னிரவில் தொடங்கிய ‘நொய்டாமினா’ நேரத்தின் முதல் தொடரே இதுதான். ‘அனிமேஷன்’ என்பதன் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டால் வருவது அந்தப் பெயர். வழக்கமாக அனிமே பார்க்காத, வேலைக்குப் போகும் பெண்களை மனத்தில் வைத்துத் தொடங்கிய நேரம் அது. சண்டையும் ரோபோவும் இல்லாமல், மாணவர்கள் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் திண்டாடும் கதை அங்கே எப்படி வந்தது என்பதற்கு அதுவே விடை. இரண்டாம் பாகம் 2006 ஜூன் 29 முதல் செப்டம்பர் 14 வரை. மங்காவும் அதே ஆண்டுதான் முடிந்தது. அதனால் அனிமேக்காரர்கள் சொந்தமாக ஒரு முடிவு கட்டவில்லை, உமினோ எழுதிய முடிவுதான் இதிலும் இருக்கிறது. முடிவு பிடிக்கவில்லை என்று ஸ்டூடியோவைத் திட்டுவதில் பயனில்லை.

பார்க்கும் வரிசையில் பலர் தடுமாறுகிறார்கள். முதல் பாகத்தின் 24 பகுதிகளோடு, டிவிடியில் மட்டும் வெளிவந்த இரண்டு சிறப்புப் பகுதிகளும் உண்டு. சில பட்டியல்களில் இவை 25, 26 என்று எண்ணிடப்பட்டிருக்கும். அதை நம்பி, டகெமோட்டோவின் சைக்கிள் பயணம் முடிந்த கையோடு இவற்றைப் போட்டால் கதை திடீரென்று பின்னால் போய்விட்டது போல் இருக்கும். இவை நடுவில் செருகவேண்டிய வேடிக்கைப் பகுதிகள், மையக் கதையை ஓரடிகூட நகர்த்துவதில்லை. 24 முடிந்ததும் நேரே இரண்டாம் பாகத்துக்குப் போய்விடுங்கள். சிறப்புப் பகுதிகளை எல்லாம் முடிந்தபின், அந்தக் கும்பலைப் பிரிய மனமில்லாத ஒரு நாளில் பாருங்கள். இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்கலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். வேண்டாம். யார் யாரைப் பார்த்து ஏன் வாயடைத்து நிற்கிறார் என்பதே விளங்காது.

இயக்குநர் மாறியிருக்கிறார். முதல் பாகம் கெனிச்சி கசாய், இரண்டாம் பாகம் டட்சுயுகி நகாய். ‘டோரடோரா’வையும் ‘அனோஹானா’வையும் பின்னாளில் இயக்கியவர் இவர்தான். திரைக்கதைப் பொறுப்பு இரண்டிலும் யோசுகே குரோடாவிடமே இருப்பதால் தையல் தெரியாது. ஆனால் வேகம் வேறு. முதல் பாகத்தில் ஒரு பகுதி முழுக்க கிறிஸ்துமஸ் விருந்து, உணவுத் திருட்டு, மொரிட்டாவின் கிறுக்குத்தனம் என்று ஓடும். இரண்டாம் பாகத்தில் அந்தக் கூத்து ஐந்தாறு நிமிடத்துக்குச் சுருங்கிவிடுகிறது, பின்பாதியில் சிரிப்பே அருகிப்போகிறது. வண்ணம் அதே வெளிறிய நீர்வண்ணச் சாயல்தான். யுகி பாடிய தொடக்கப் பாட்டின் பெயர் ‘ஃபுகைநையா’. தன் மேலேயே சலித்துக்கொண்டு ‘சே, என்னால் ஒன்றும் ஆகவில்லையே’ என்பதுபோன்ற சொல். தமிழில் இதற்கு ‘கையாலாகாத’ என்பதைவிடப் பொருத்தமான சொல் கிடைக்காது. இந்தப் பாகம் முழுவதும் கையைப் பற்றியது என்பதால் இன்னும் பொருத்தம்.

இனி கதையின் திருப்பங்கள் எல்லாம் வரும். தெரியாமல் பார்க்க நினைப்பவர்கள் பார்த்துவிட்டு வரலாம்.

டகெமோட்டோவிலிருந்து தொடங்குவோம். ஹமாடா ஓவியக் கல்லூரியில் கட்டடக்கலை மாணவன். நிஜத்தில் டமா ஓவியக் கல்லூரியை ‘டமாபி’ என்றும், முசாஷினோவை ‘முசாபி’ என்றும் சுருக்குவது போல, இது ‘ஹமாபி’. தொடரின் தொடக்கத்தில் அவன் குடியிருப்பை அளவோடு சொல்வார்கள்: ஆறு பாய் அறை, மூன்று பாய் சமையலிடம், குளியலறை கிடையாது, கல்லூரிக்கு நடந்து பத்து நிமிடம், கட்டி 25 வருடம், வாடகை 38,000 யென். ஆறு பாய் என்றால் ஏறக்குறைய பத்து சதுர மீட்டர், நம் கணக்கில் நூறு சதுர அடிக்குச் சற்றே கூட. சுவர் மெலிது, பக்கத்து அறைக்காரன் தும்மினால் கேட்கும். குளிக்க வேண்டுமென்றால் பொதுக் குளியலகத்துக்குப் போகவேண்டும். இந்த நான்கு வரி விளம்பரம் போன்ற அறிமுகத்தை மறந்துவிடாதீர்கள். இரண்டாம் பாகத்தில் ஒவ்வொருவராக அந்த இடத்தைவிட்டுக் கிளம்பும்போது, காலியாகிற அறையின் அளவு என்ன என்பது நமக்குத் துல்லியமாகத் தெரிந்திருக்கும்.

முதல் பாகத்தில் அவன் பட்டப்படிப்பு இறுதிப் படைப்பாக ஒரு கோபுரம் செய்தான். செய்யச் செய்ய உயர்ந்ததே தவிர, அது என்ன என்று அவனுக்கே தெரியவில்லை. தன் கையாலேயே அதை உடைத்தான். வயிற்றில் புண் வந்து படுத்தான், ஒரு வருடம் வீணானது. சேர்வதாக இருந்த நிறுவனமும் மூழ்கியது. அப்புறம்தான் அந்தச் சைக்கிள் பயணம்: டோக்கியோவிலிருந்து ஹொக்கைடோவின் வட முனையான சோயா முனை வரை, ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல், கியர் போன்ற வசதிகளைப் பற்றி யோசிக்காத சாதாரண சைக்கிளில். வழியில் கோயில் பழுதுபார்க்கும் தச்சர்களோடு தங்கி வேலை செய்கிறான். பார்ப்பவர்கள் பெரும்பாலும் இதை வழிச்சம்பவமாகக் கடந்துவிடுகிறார்கள். அங்கேதான் இரண்டாம் பாகத்தின் விதை இருக்கிறது.

ஜப்பானில் கோயில் கட்டும், பழுதுபார்க்கும் தச்சர்களை ‘மியாதைகு’ என்பார்கள். ஆணியை நம்பாமல் மரத்தோடு மரம் கவ்வும்படி பொருத்துகளை வெட்டி நிறுத்துவது அவர்கள் தொழில். பழைய கோயிலில் முதலில் கெடுவது தூணின் அடி. கல்லிலிருந்து ஏறும் ஈரத்திலும் கரையானிலும் அடிப்பகுதி மட்டும் உளுத்துப்போகும், மேலே மரம் இன்னும் நூறு வருடம் தாங்கும். அப்போது தூணையே மாற்றுவதில்லை. கூரையின் பாரத்தை முட்டுக்கொடுத்துத் தாங்கிக்கொண்டு, உளுத்த அடியை மட்டும் அறுத்தெடுத்து, அதே இன மரத்தில் புதிய அடியைச் செதுக்கி, இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும்படி இணைப்பார்கள். ‘நெட்சுகி’ என்று பெயர், வேரொட்டு என்று சொல்லலாம். இணைப்பு முகம் சற்றே பிசகினாலும் பாரம் ஒரு பக்கமாக இறங்கித் தூண் பிளக்கும். பழைய மரமும் புதிய மரமும் ஒரே அளவுக்குக் காய்ந்திருக்காவிட்டால், ஒன்று சுருங்கி இடைவெளி விழும். தனக்கென்று ஒரு கோபுரம் கட்டி உடைத்தவன், யாரோ கட்டியதன் உளுத்த அடியை மாற்றும் வேலைக்குப் போகிறான். உமினோ இதை எங்கும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டகெமோட்டோவுக்குத் திறமை இல்லை, அதனால் சின்ன வேலைக்குப் போகிறான் என்று எழுதுபவர்களைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அந்தக் கூட்டத்திலேயே தனக்கு எது வரும் என்பதைச் சரியாகக் கண்டுபிடித்தவன் அவன் ஒருவன்தான்.

யமாடா, மயாமா, நோமியா விவகாரத்தில் மயாமாவைத் திட்டாதவர் குறைவு. யமாடா வருடக்கணக்காக அவனை விரும்புகிறாள், அவனோ கட்டடக்கலை வடிவமைப்பாளரான ரிகாவின் பின்னால். ரிகா கணவனை விபத்தில் இழந்து, காலில் நிரந்தர ஊனத்தோடு, உயிரோடு இருப்பதையே பழியாக நினைத்து வாழ்பவர். மயாமா அவரை மீட்பதாக இரண்டாம் பாகம் காட்டுவதில்லை. அவர் மேசையில் தினமும் வேலை குவிந்திருக்கும்படி பார்த்துக்கொள்கிறான், அவ்வளவுதான். நாளை காலை வரைபடம் கொடுக்கவேண்டும் என்றால் இன்றிரவு சாக முடியாது. ஸ்பெயின் வேலை வரும்போது அவனும் கூடப் போவதும் இதே கணக்கில்தான். இதைக் காதல் என்பதா பிடிவாதம் என்பதா என்று தொடர் தீர்ப்புச் சொல்வதில்லை, அதுவே நல்லது.

யமாடாவின் பகுதி இன்னும் நுட்பமானது, அவள் மண்பாண்டக்காரி என்பதை மறந்தால் பாதி போய்விடும். ஸ்டோன்வேர் (கல்லைப்போல் இறுகச் சுடும் பாண்டம்) மண்ணைச் சக்கரத்தில் ஏற்றுமுன் பிசையவேண்டும். ஜப்பானில் அதற்குச் செவ்வந்திப் பிசைவு என்று பெயர், பிசையும்போது மண் இதழ் இதழாக மடிந்து செவ்வந்திப்பூ மாதிரி தெரியும் என்பதால். காற்றுக் குமிழி வெளியேற வேண்டும், மண் முழுக்க ஒரே இறுக்கத்துக்கு வரவேண்டும். இதில் சோம்பினால் சக்கரத்தில் மையம் பிடிக்காது, சுவர் ஓரிடத்தில் தடித்து ஓரிடத்தில் மெலியும். ஜப்பானியச் சக்கரம் பெரும்பாலும் கடிகார முள்ளின் திசையில் சுற்றும், மேற்கில் அதற்கு எதிர்த்திசை. வனைந்ததை நிழலில் ஒரு வாரமோ அதற்கு மேலோ காயவைத்து, முதல் சூளையில் 700 முதல் 800 டிகிரி. மெருகு பூசி இரண்டாம் சூளையில் 1,230, 1,250 டிகிரி. சூளையில் பாத்திரம் வெடித்தால் எல்லாரும் காற்றுக் குமிழியைப் பழிசொல்வார்கள். உண்மையில் பெரும்பாலும் குற்றவாளி ஈரம்தான். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்ற தடித்த அடிப்பாகம், நூறு டிகிரியைத் தாண்டும்போது ஆவி வெளியேற வழியில்லாமல் வெடிக்கும். பொறுமையில்லாமல் ஒரு நாள் முன்னதாக ஏற்றியதற்குக் கிடைக்கும் தண்டனை அது. வனைந்த அளவுக்கும் கடைசி அளவுக்கும் நடுவே பத்திலிருந்து பதினைந்து சதவீதம் சுருக்கம் வேறு. ஒரே அளவில் பாத்திரங்கள் வேண்டுமென்று வடிவமைப்பு நிறுவனம் கேட்டால், சுருங்குவதற்கும் கோணுவதற்கும் சேர்த்துக் கணக்குப்போட்டு, கேட்டதைவிடக் கூடுதலாகச் செய்யவேண்டும்.

மயாமா முன்பு வேலை பார்த்த நிறுவனம் யமாடாவிடம் இப்படி வேலை கொடுக்கிறது. அங்கேதான் நோமியா வருகிறான். பார்வைக்கு எல்லாம் தெரிந்த, எதற்கும் அலட்டிக்கொள்ளாத ஆள். டொட்டோரிக்கு மாற்றப்பட்ட பிறகு, அங்கிருந்து இரவு முழுக்கக் காரோட்டி, அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் கடந்து டோக்கியோவுக்கு வருகிறான். அந்த ஒரு காட்சியில் அவன் கட்டிவைத்த முகம் உடைகிறது. ஆனால் யமாடா உடனே மனம் மாறிவிடுவதில்லை. மயாமா மேல் வைத்த ஆசை தீராமல் இருப்பது அவளுக்கே அலுப்பாக இருக்கிறது, விடவும் பயமாக இருக்கிறது. விட்டுவிட்டால் இத்தனை வருடம் எதற்கு என்ற கேள்வி வரும் அல்லவா? மண்பாண்டக்காரிக்குக் காய்வதற்கான நேரம் தெரியும். அந்த ஜோடியை முடித்துக்காட்டாமல் விட்டதைக் குறையாகச் சொல்கிறார்கள். சூளை ஏற்ற இன்னும் நாளாகவில்லை என்றே தோன்றுகிறது.

மொரிட்டாவின் கதைதான் இரண்டாம் பாகத்தின் பலவீனமான பகுதி. முதல் பாகம் முழுக்க அவன் காணாமல் போவதும், கட்டுக்கட்டாகப் பணத்தோடு திரும்பி இரண்டு நாள் தூங்குவதும், பாடங்களில் தவறிக்கொண்டே இருப்பதும் நகைச்சுவையாக ஓடின. நாலு வருடப் படிப்பை அதிகபட்சம் எட்டு வருடத்துக்குள் முடிக்கவேண்டும் என்பது ஜப்பானியப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான விதி. அந்த எல்லைவரை இழுத்து ஒருவழியாகச் சிற்பத்தில் பட்டம் வாங்கியவன், மறுபடி ஜப்பானிய ஓவியப் பிரிவில் வந்து சேர்ந்து எல்லாரையும் அதிரவைத்தான். பணம் எதற்கு என்பது இரண்டாம் பாகத்தில் தெரிகிறது: அப்பாவின் நிறுவனத்தைப் பறித்தவர்களிடமிருந்து அதைத் திரும்பப் பறிக்க, அண்ணன் கஓருவோடு சேர்ந்து போட்ட திட்டம். அண்ணனுக்குத் தம்பியின் மேதைமை மேல் உள்ள பொறாமை அருமையான விஷயம். ஆனால் நிறுவனத்தைக் கைப்பற்றும் ஏற்பாடுகளை இரண்டு மூன்று பகுதிகளில் திணித்ததால், வேறு தொடரிலிருந்து ஒரு துண்டு வந்து ஒட்டிக்கொண்டது போல் இருக்கிறது. மங்காவில் இதற்கு இடம் தாராளம். இந்தப் பகுதியை மட்டும் மங்காவில் படித்துக்கொள்வது நல்லது. பழி தீர்ந்தபின் மொரிட்டாவின் கையில் மிஞ்சுவது வெறுமை என்பது மட்டும் அனிமேயிலும் அழுத்தமாக விழுகிறது. அந்த வெறுமையோடுதான் அவன் அடிபட்ட ஹாகுவிடம் வருகிறான்.

இப்போது ஹாகு. முழுப்பெயர் ஹனமோட்டோ ஹாகுமி. நகானோவில் பாட்டியோடு வளர்ந்து, படம் வரைவதைத் தவிர வேறு துணையில்லாமல் இருந்தவள். ஆள் சிறியவள், படம் பெரியது. ஜப்பானில் ஓவியத் திரைக்கு எண்ணிட்ட அளவுகள் உண்டு. ‘எஃப் 100’ என்றால் 162 சென்டிமீட்டருக்கு 130.3. ஹாகுவைவிட உயரம். இந்த அளவில் வரைபவருக்கு ஓவியம் விரலில் இல்லை, தோளிலும் இடுப்பிலும் இருக்கிறது. ஏணியில் ஏறி, இறங்கி, பின்வாங்கிப் பார்த்து, மறுபடி ஏறவேண்டும். இதை உடல் வேலையாகவே தொடர் காட்டுகிறது, அது அபூர்வம்.

பின்பாதியில் கல்லூரி வளாகத்தில் கண்ணாடி விழுந்து அவள் வலது கை அறுபடுகிறது, நரம்பு வெட்டுப்படுகிறது. அறுவைச் சிகிச்சை முடிந்தபின், மறுபடி வரைய முடியுமா என்பதற்கு யாரும் உறுதி தருவதில்லை. இங்கே சிலர் ‘தையல் போட்டாயிற்று, ஆறிவிடாதா, எதற்கு இவ்வளவு நாடகம்?’ என்று கேட்கிறார்கள். வெட்டுப்பட்ட நரம்பைத் தைப்பது, அறுந்த மின்கம்பியை முறுக்கிவிடுவது மாதிரி இல்லை. வெட்டுக்கு அப்பால் இருக்கும் இழைகள் பட்டுப்போகும், தையலிட்ட இடத்திலிருந்து புதிதாக வளர்ந்துதான் விரல்நுனியைச் சேரவேண்டும். முதல் சில வாரம் எதுவும் நடக்காததுபோல் இருக்கும். அப்புறம் நாளொன்றுக்கு சுமார் ஒரு மில்லிமீட்டர். மணிக்கட்டிலிருந்து விரல்நுனிக்குப் பதினாறு பதினேழு சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எல்லாம் சரியாக நடந்தாலே அரை வருடம். போய்ச் சேர்ந்தாலும் எந்த இழை எங்கே போய்ச் சேர்ந்தது என்பது மூளைக்குத் தெரியாது. சுட்டுவிரலைத் தொட்டால் நடுவிரலில் உணர்வு வரும், மெல்லிய தொடுகை மின்சாரம் பாய்ந்ததுபோல் சுரீர் என்னும். கண்ணை மூடிக்கொண்டு மணல், துணி, பயறு என்று தொட்டுத் தொட்டு மூளைக்குப் புதிதாகக் கற்பிக்கவேண்டும். இதற்கிடையில் கையை அசைக்காமல் வைத்திருந்தால் தசைநாண் ஒட்டிக்கொண்டு விரல் மடங்காது. சீக்கிரம் அசைத்தால் தையல் பிய்யும்.

ஓவியருக்கு இதில் மிக மோசமானது வலி இல்லை, உணர்வின்மை. தூரிகையை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதைச் சொல்வது விரல்நுனிதான். அது பேசாவிட்டால் ஒன்று தூரிகை நழுவும், அல்லது கை தானாக அளவுக்கு மீறி இறுக்கும். கோட்டின் உயிர் அந்த இறுக்கத்தின் ஏற்ற இறக்கத்தில்தான் இருக்கிறது. ஹாகு மருத்துவமனைக் கட்டிலில் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டிருக்கும் காட்சிகளில் வசனம் மிகக் குறைவு. மேலே சொன்னது தெரிந்தால் அந்த மௌனம் வேறு மாதிரி கேட்கும்.

மொரிட்டா ஒரு இரவு அவளை மருத்துவமனையிலிருந்து கூட்டிக்கொண்டு போய்விடுகிறான். வரைய வேண்டாம், நீ உயிரோடு இருந்தாலே போதும், உன்னை நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். வேறு எந்தக் காதல் கதையிலும் இது உச்சக்கட்ட வசனம், இதைக் கேட்டதும் கதாநாயகி தோளில் சாய்வாள். ஹாகு திரும்பிப் போய்விடுகிறாள். அவளும் அவனை விரும்புகிறாள் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் மேதைக்கு மேதை என்பதால் அவளை முழுதாகப் புரிந்தவன் அவனே, அவனே ‘வரையாதே’ என்கிறான். திரும்பி வந்தவள் தன் உறவினரான ஷூஜி ஹனமோட்டோவிடம் போய், உங்கள் வாழ்க்கையை எனக்குக் கொடுங்கள் என்று கேட்கிறாள். வரைவதற்காக, அந்தக் கையை மறுபடி வரையவைக்க எத்தனை வருடம் ஆனாலும் கூட இருப்பதற்காக. அவர் சம்மதிக்கிறார்.

கோபம் எல்லாம் இந்த இடத்தில்தான். ஷூஜி கல்லூரிப் பேராசிரியர், ஹாகுவின் அப்பாவுக்கு ‘இதொகோ’ முறை, முப்பதைத் தாண்டியவர். தமிழ்ப் பார்வையாளருக்கு இது கூடுதலாக உறுத்தும். வசன வரியில் அப்பாவின் கசின் என்று வந்தவுடன் நம் மனம் ‘சித்தப்பா’ என்று மொழிபெயர்த்துவிடுகிறது. சித்தப்பாவிடம் இப்படிக் கேட்பதாவது! ஆனால் ஜப்பானியச் சொல்லில் நம் முறைப் பாகுபாடு கிடையாது. அப்பாவின் சித்தப்பா மகனும் ‘இதொகோ’, அப்பாவின் தாய்மாமன் மகனும் ‘இதொகோ’. நம் கணக்கில் முதலாமவர் ஹாகுவுக்குச் சித்தப்பா, இரண்டாமவர் மாமா. ஒரு சொல்லுக்குள் இரண்டு உறவும் அடங்கிவிடுவதால் ஜப்பானியருக்கு அந்தத் திகைப்பு நமக்கு வருகிற வடிவில் வராது. சட்டப்படியும் அங்கே பக்கவழி உறவில் மூன்றாம் படிக்குள்தான் திருமணத் தடை, இது ஐந்தாம் படி. இதைச் சொல்வது முடிவுக்கு வக்காலத்து வாங்க இல்லை. அவர்கள் கல்யாணம் செய்துகொண்டதாகத் தொடர் எங்கும் காட்டுவதில்லை. ஹாகு கேட்பது துணையை, ஷூஜி கொடுப்பது காலத்தை, அதற்கு என்ன பெயர் என்பதை உமினோ வைக்கவில்லை. பெயர் வைக்காமல் விட்டதுதான் சிலரை அமைதியிழக்கச் செய்கிறது. வயது, ஆசிரியர் பொறுப்பு, சின்னப் பெண் போன்ற உருவத்தில் அவளை வரைந்தது ஆகியவற்றின் மேல் சொல்லப்படும் விமர்சனத்தில் நியாயம் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. ‘மொரிட்டாவை ஏன் கட்டிக்கொள்ளவில்லை’ என்ற கோபத்தில்தான் நியாயம் இல்லை. அவளுக்கு முன்னால் இருந்த கேள்வி எந்த ஆண் என்பதல்ல, கை என்பது.

கல்லூரி வாழ்க்கை நிஜமா என்பதற்குச் சுருக்கமாக: சூழல் நிஜம், விகிதம் கற்பனை. நிஜ ஓவியக் கல்லூரிகளில் மொரிட்டாவோ ஹாகுவோ இருக்கமாட்டார்கள் என்றில்லை, ஆனால் டகெமோட்டோக்கள்தான் பெரும்பான்மை. நுழைவுத் தேர்வுக்காகப் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, பிளாஸ்டர் சிலையைப் பென்சிலால் மணிக்கணக்கில் வரைந்து பழகி, ஒரு வருடம் இரண்டு வருடம் தவறி உள்ளே வருபவர்கள் அங்கே சகஜம். தொடர் இந்தப் பக்கத்தைக் காட்டுவதே இல்லை. இறுதிப் படைப்பு நேரத்துத் தூக்கமின்மை, பணமில்லாத மாதக் கடைசி, ஊரிலிருந்து வந்த உணவுப் பெட்டியை மொத்த விடுதியும் மொய்ப்பது எல்லாம் அப்படியே நிஜம்.

கடைசிப் பகுதியைக் கொஞ்சம் நெருங்கிப் பார்ப்போம். டகெமோட்டோ வேலைக்குக் கிளம்பி ரயிலில் ஏறுகிறான். ஹாகு ஓடிவந்து ஒரு பொதியைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். வண்டி நகர்ந்தபின் பிரிக்கிறான். ரொட்டி, அடுக்கடுக்காக. ஒன்றை எடுத்துத் திறந்தால் உள்ளே தேன், தேனில் ஒட்டிய நாலிலைக் க்ளோவர். அடுத்ததிலும் அதுவே. முதல் பாகத்தில் ஷூஜி வெளிநாடு கிளம்பும்போது எல்லாருமாகப் புல்வெளியில் குனிந்து நாலிலையைத் தேடியது நினைவிருக்கலாம். வெள்ளைக் க்ளோவரில் நாலிலை என்பது பல ஆயிரத்தில் ஒன்று. அன்று அத்தனை பேர் தேடினார்கள். இன்று இத்தனை நாலிலைகளை அவள் தேடிச் சேர்த்திருக்கிறாள், கை அந்த நிலையில் இருக்கும்போது. தலைப்பு முழுதாகத் திரையில் வருவது அந்த ரொட்டிக்குள்தான். அவன் அழுதுகொண்டே சாப்பிடுகிறான். நிறைவேறாத காதலுக்கு அர்த்தம் உண்டா என்று அவன் முன்பு கேட்டுக்கொண்ட கேள்விக்கு அங்கே பதில் வருகிறது. குரல் கொடுத்த ஹிரோஷி கமியாவின் தொண்டை அடைப்பதை வசன வரியில் படிக்க முடியாது. அதற்காகவாவது ஜப்பானிய ஒலியோடு பாருங்கள்.

பார்க்கும் முறையில் இரண்டு யோசனை. ஸ்பிட்ஸ், சுகா ஷிகாவோ பாட்டுகள் காட்சிக்கு நடுவே முழுசாக ஓடும், அந்த இடங்களில் வசனம் நின்று பாட்டின் வரிதான் பாத்திரத்தின் மனமாகப் பேசும். பாட்டுக்கு வசன வரி இல்லாத பிரதியில் பார்த்தால் ‘எதற்கு இப்படி வெறுமனே நடக்கிறார்கள்’ என்றுதான் தோன்றும், ஆகவே பாட்டுக்கும் வரி உள்ள பிரதியைத் தேடுங்கள். இரண்டாவது, மொத்தம் நாலரை மணி நேரம்தான் என்று ஒரே நாளில் முடிக்கவேண்டாம். கண்ணாடி விழும் பகுதி வரை நாளுக்கு ஒன்றிரண்டாகப் பாருங்கள். அதன்பிறகு உள்ளதை ஒரே உட்காரலில், முடிந்தால் மறுநாள் காலை அலுவலகம் இல்லாத இரவில்.